செல்லமுத்து வீட்டுக்கு 4,800 மீட்டர்

1

என் வீட்டு இணையம் பதினொரு நாள் படுத்துக் கிடந்ததால் வந்த கதை இது. சரிசெய்ய வந்த லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கி, "சில ஒயரு சுருங்குமுங்க சார்" என்று சொல்லிவிட்டு, நீட்டிய டீயைக்கூட வாங்காமல் போய்விட்டார். மீதி நானாகக் கட்டியது.

2

ராசிபுரத்தின் வானம் அன்று

(வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

கோகிலவாணி அஸ்தம்பட்டியில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் திட்டப் பொறியாளர். எந்த வீட்டுக்கு எந்த வழியில் இணையம் கொடுப்பது என்று வகுப்பது அவள் வேலை. ராசிபுரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பழைய செம்புக் கம்பியிலேயே பிராட்பேண்ட். கடைவீதிக்கு ஃபைபர். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் கம்பியில்லா இணைப்பு. அங்கே பழைய கம்பியை அறுத்துவிடலாம். செல்லமுத்துவின் தோட்டத்து வீடு 4,800 மீட்டர். அறுக்கும் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள்.

(செம்பில் தூரம் கூடக் கூட இணையம் தேயும். இது மட்டும் என் கற்பனை இல்லை.)

3

வெள்ளிக்கிழமை மதியம் அறுப்பதாக ஏற்பாடு. அதைச் சொல்லத்தான் அன்று காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனாள். செல்லமுத்து எழுபதைத் தாண்டியவர், தனியாள். மகன் நிலவன் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே போய் நாலு வருஷம். ஒரு தகவலும் இல்லை.

"புது நெம்பரோட செல்போன் குடுக்கறோமுங்க ஐயா."

"அவனுக்கு இந்த நெம்பர் ஒண்ணுதான் மனப்பாடமுங்க. இதை மட்டும் எடுத்துப்போடாதீங்க சாமி."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், போன் ஒயரைக் கழற்றி டெஸ்டரைச் செருகினாள். கம்பி எங்கே முடிகிறது என்று அது தூரம் காட்டும். 4,800 வர வேண்டும். 2,100 வந்தது. (ஈரம் ஏறிய கம்பி பொய் சொல்லும். அவளுக்கும் தெரியும்.) மறுபடி அழுத்தினாள். 900. மறுபடி. 60.

அறுபது மீட்டரில் வாசல் கம்பம். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். வெயில்தான் நின்றது. கட்டியிருந்த எருமை கம்பத்தையே பார்த்தபடி, கயிறு இறுகப் பின்வாங்கியது.

கோகிலவாணி முற்றத்துக்குப் போய், எக்ஸ்சேஞ்சிலிருந்த லைன்மேனைச் செல்போனில் கூப்பிட்டாள். "செல்லமுத்து ஐயா லைனை அறுக்க வேண்டாம், விட்டுடுங்க."

"அதுங்களா மேடம்? காலையில வந்ததுமே அறுத்துட்டேனுங்க."

உள்ளே வந்து, டெஸ்டரைக் கழற்றிப் போன் ஒயரை மறுபடி செருகினாள். மணி அடித்தது.

4

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் செல்லமுத்து போனை எடுக்கவில்லை. நாலு வருஷம் காத்திருந்தவர் எடுக்காமல் இருப்பாரா? கிழித்தேன். இரண்டாவதில் ஒரு போலீஸ்காரர் பேசினார், நிலவன் வேலை செய்த ஊரில் ஒரு கிணற்றில்

அதையும் நிறுத்திவிட்டேன். மூன்றாவது இது:

அவர் எடுத்தார். "சாப்பிட்டயா சாமி?" என்றார். வெகுநேரம் கேட்டார். முகம் இளகிக்கொண்டே வந்தது. பிறகு ரிசீவரைக் கோகிலவாணியிடம் நீட்டினார்.

"லைனை அறுக்கச் சொன்னது ஆருன்னு கேக்கறானுங்க. உங்ககிட்டப் பேசோணுமாம்."

அவளுக்குக் கை எழவில்லை. எனக்கும் இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. கிழவர் ரிசீவரை நீட்டியபடியே நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள்.