கூரைக்குள் மிஞ்சியவை

தொமிகோ உயிரோடு இருந்தவரை அந்த வௌவால்களைத் துரத்த விட்டதில்லை. இறவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. அந்தி சாய்ந்ததும் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று வயல் பக்கம் பறக்கும். கணவர் யசுஹிகோ ஏதாவது முணுமுணுத்தால், "கொசுவத் தின்னுட்டுக் கெடக்குது. உங்ககிட்ட சோறா கேக்குது?" என்று வாயை அடைத்துவிடுவாள். மலைப்பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர். வீட்டில் மட்டும் ஓட்டுநர் அவள்.

செர்ரிப் பூ உதிரும் சமயத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். கோடையில் ஒபோன், செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் பண்டிகை. அவளுக்கு அது முதல் வருஷம். சொந்தபந்தம் எல்லாம் வரும். வாசற்கல்லில் வௌவால் எச்சம் கிடந்தால் தம்பி மனைவி மூக்கைப் பிடிப்பாள் என்று யசுஹிகோ தச்சரைக் கூப்பிட்டார். சாயங்காலம் அவை வெளியே போனபின் இடுக்கில் பலகை வைத்து அடித்தாயிற்று. நாலைந்து நாள் அவை திரும்பி வந்து பலகையில் மோதிக்கொண்டிருந்தன. அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். பிறகு வரவில்லை.

ஒபோன் முடியும் நாளில் மழை. செத்தவர்களைத் திரும்ப வழியனுப்ப வாசலில் அவர் மூட்டிய நெருப்பு பாதி எரிந்து அணைந்துவிட்டது. பக்கத்து வீட்டு மசாயோ குடையோடு நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, அக்கா பாதி வழியிலேயே திரும்பி வந்திருக்கும். இனி உங்கள விடாது" என்று கிண்டல் செய்தாள். அவரும் சிரித்தார்.

அடுத்த வாரம் இடது கையில் மூன்று தடிப்புகள், கோடு போட்டதுபோல் வரிசையாக. மறுநாள் கழுத்தில், அதுவும் இடது பக்கம். தொமிகோ படுத்திருந்த பக்கம் அது. குறட்டை விட்டால் விரலை மடக்கி அங்கேதான் குத்துவாள். கொசுவலை கட்டினார். வலைக்குள்ளும் தடிப்பு வந்தது.

அதற்குப் பிறகு காய்ச்சல். இரண்டு நாள் உடம்பைப் போட்டு உலுக்கும், வியர்த்து விடும், எழுந்து நடமாடுவார். சில நாள் கழித்து மறுபடி. அந்த உலுக்கலில் ஒருநாள் நட்டநடுப் பகலில் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை அடித்தது. ஜில்லென்ற பாதத்தை அவர் கெண்டைக்காலில் ஒட்டி வைத்தாள். அவருக்குப் பயம் வந்தது. பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் கிடந்தது. அன்றிலிருந்து அவளுடைய மெத்தையையும் எடுத்துத் தன் மெத்தைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். மசாயோவிடம்கூட மூச்சு விடவில்லை.

இலையுதிர் காலத்தில் கல்லறை கழுவ மகள் சனாயே ஹிரோஷிமாவிலிருந்து வந்தாள். அப்பாவின் சட்டை தொளதொளவென்று தொங்குவதைக் கண்டு பதறினாள். வயசாச்சு என்று மழுப்பிவிட்டார். விரித்துக் கிடந்த அம்மாவின் மெத்தையிலேயே அன்று அவளும் படுத்தாள்.

காலையில் மிசோ சூப்பை ஊற்றும்போது அவள் கை நீண்டது. முழங்கைக்குக் கீழே மூன்று தடிப்புகள்.

யசுஹிகோ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தார். "உன்னையும் வந்து பாத்துட்டுப் போயிருக்கா" என்றார்.

"யாருப்பா?"

"உங்கம்மா."

சனாயே கரண்டியைக் கீழே வைத்தாள். எப்போதிலிருந்து என்று மெல்லக் கேட்டாள். அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், நெருப்பு அணைந்தது முதல். கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அம்மா நம்மள ஒருநாளும் கடிச்சதில்லப்பா" என்றாள்.

அன்றே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை லீவு போட்டுவிட்டு முன்னறையில் தங்கினாள். பூச்சிமருந்து அடிக்கிற ஆள் வந்து படுக்கையறை மேற்பலகையைக் கழற்றினான். காய்ந்த எச்சம் மளமளவென்று பாயில் கொட்டியது. மரத்தின் வெடிப்புகளில் மூட்டைப்பூச்சி போலவே தட்டையாக, பழுப்பு நிறத்தில் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. வௌவால் ரத்தத்தில் வாழும் ஜாதி என்றான். "சாப்பாடு போட்டவங்கள நீங்க வெளிய அனுப்பிட்டீங்க. பசி தாங்காம கீழ எறங்கியிருச்சுங்க." யசுஹிகோ தலையைத் திருப்பிக்கொண்டார்.

யசுஹிகோவின் ரத்தத்தில் ஒரு பாக்டீரியா இருந்தது. காட்டு வௌவால்களின் உடம்பில் அது சாதாரணமாகத் தங்கியிருக்கும் என்றும், ரத்தம் குடிக்கும் பூச்சிகள் அதை வௌவாலுக்கு வௌவால் கொண்டுபோகும் என்றும், மனிதரிடம் வருவது அபூர்வம் என்றும் டாக்டரம்மா சொன்னார். இந்தப் பூச்சிதான் கொடுத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, எச்சத்தின் தூசியாகவும் இருக்கலாம். ஆனால் மருந்து இருக்கிறது. இதயம் கெட்டுப்போகும் முன் வந்தது நல்லதாயிற்று. சனாயேவின் ரத்தத்தில் எதுவும் இல்லை.

கிளம்பும்போது யசுஹிகோ ஒன்று கேட்டார். "காய்ச்சல்ல செத்தவங்க வந்து ஒக்காருவாங்களாம்மா?"

"வர்ற மாதிரி தோணும் ஐயா. மாத்திரைய முழுசா சாப்பிடுங்க, சரியாயிடும்."

சரியாயிடும் என்ற அந்த வார்த்தைதான் அவரைக் குடைந்தது. மகள் ஊருக்குப் போனபின் கொஞ்ச நாள் ஒழுங்காகச் சாப்பிட்டார். தடிப்பு மறைந்தது, பசி எடுத்தது. பூச்சிமருந்து நாற்றம் அடிக்கும் அந்த அறையில் இரண்டு மெத்தைகளையும் விரித்துப் படுத்துப் பார்த்தார். யாரும் வரவில்லை. பிறகு மாத்திரையை நிறுத்தினார். சனாயே போனில் கேட்டபோதெல்லாம் போட்டாச்சு என்றார்.

காய்ச்சல் திரும்பியது. போர்வைக்குள் பற்கள் கிட்டிக்க, இடது பக்கம் திரும்பிப் படுத்துக் காத்திருந்தார். "தொமிகோ" என்று கூப்பிட்டும் பார்த்தார். தைல வாசனை இல்லை. பாதம் இல்லை. உடம்பு மட்டும் குலுங்கியது, ஆளில்லாத பஸ் கரட்டுப் பாதையில் போவதுபோல. மறுநாள் பொழுது ஏறியும் அவள் வரவில்லை.

கஞ்சி கொண்டுவந்த மசாயோ அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் திட்டோ திட்டென்று திட்டினாள். அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மாத்திரை டப்பாவை எடுத்துத் தரச் சொன்னார். அவள் ஊற்றிக் கொடுத்த வெந்நீரில் ஒன்றை விழுங்கிவிட்டு, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, நடுவில் விட்டதைத் தானாகவே சொன்னார்.