மூன்று கட்சிக்கும் ஒரு ஓட்டு

எங்கள் வீட்டில் நான்கு ஓட்டு. தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அப்பா அதைப் பங்கு பிரித்தார்.

"சகாயத்துக்குக் கம்பெனி வேலை வாங்கிக் குடுத்தது ஆளுங்கட்சிக்காரரு. அதனால அவன் ஓட்டு அங்க. தெருவுக்கு லைட்டு போட்டது எதிர்க்கட்சி கவுன்சிலரு. அம்மா ஓட்டு அவருக்கு. அனிதா, நீ செந்தமிழ்செல்வன் கட்சிக்கு."

செந்தமிழ்செல்வன் எங்கள் முதுநகரில் மூன்றாவது ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். போன வருஷம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து, பெட் கிடைக்கும்வரை நின்றவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கட்சி வேட்பாளர் எங்கள் தெருவுக்கே வரவில்லை. சுயேச்சையாக நின்ற பிரிசில்லா வந்தார். மழைத்தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்டு, சுவரில் கறை படிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். என் ஓட்டு அவருக்குத்தான் என்று அன்றே முடிவு செய்திருந்தேன்.

"மூணு பேரும் கேப்பாங்க. எங்க வீட்டு ஓட்டு உங்களுக்கு உண்டுன்னு சொல்லணும். அது பொய்யா இருக்கக்கூடாது" என்றார் அப்பா. மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். பொய் மட்டும் சொல்லமாட்டார்.

"அப்ப உங்க ஓட்டு?" என்றான் தம்பி சகாயம்.

"அது என் இஷ்டம். அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது, சட்டமே இருக்கு."

"அந்தச் சட்டம் எங்களுக்கு இல்லியா?"

"கெமிஸ்ட்ரி படிச்சவ, அவளே சும்மா இருக்கா. உனக்கு என்னடா?"

நான் சும்மா இல்லை. நான் வாய் திறப்பதற்குள் அப்பா செய்தித்தாளை விரித்துவிட்டார். எப்போதும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அவர்மேல் பாதி, என்மேல் பாதி எரிச்சல்.

வாக்குச்சாவடியில் பெண்கள் வரிசை சீக்கிரம் நகர்ந்தது. பிரிசில்லாவுக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அப்பா ஆண்கள் வரிசையில் வாசலை நெருங்கியிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் அவர் தெரியாமலே செந்தமிழ்செல்வனிடம் பொய் சொல்லிவிடுவார்.

"அப்பா, நீங்க சொன்ன ஆளுக்கு நா போடல."

முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப வந்து சொல்றியேம்மா?"

"வேணும்னா நீங்க போட்டுடுங்க."

"நா எதுக்குப் போடணும்? எனக்குன்னு ஒரு ஆள் இருக்கு."

"எனக்கும் இருந்துச்சுப்பா."

முன்னால் நின்றவர் சிரித்துவிட்டார். அப்பா அவரை முறைத்தார்.

உள்ளே போன அப்பா வெளியே வர நேரமானது. வந்தவர் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எங்கள் தெருமுனையில், தான் தினமும் உட்காரும் டீக்கடை வாசலிலேயே செந்தமிழ்செல்வன் இருந்தார். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச் சந்தில் திரும்பினார்.

"ஏங்க, வீடு இந்தப் பக்கம்" என்றாள் அம்மா.

"தெரியும்."

கொஞ்ச தூரம் போனதும் அம்மாவுக்குப் புரிந்தது.

"அப்ப இன்னும் அஞ்சு வருசத்துக்கு இப்பிடித்தான் சுத்திப் போவணுமா?"