மாமாவின் ஓவரில் ரன் அவுட் கூடாது

முப்பத்து நான்கு வருடம் பந்து வீசி ஒருவர் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு விக்கெட் எடுத்திருக்கிறார் என்றால் கேட்பவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். நான் உட்கார்ந்தே இருப்பேன். அந்த முப்பத்து நான்கில் இருபத்தாறு வருடம் அவருடைய பந்துகளை ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்து பொறுக்கியவன் நான். விக்கெட் கீப்பர்; பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். போதாக்குறைக்கு, அவர் என் அக்காவின் கணவர்.

கிளப்பில் அவருக்குப் பட்டப்பெயர் ‘சரித்திரம்’. அது கேலிக்கு வைத்த பெயர் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அங்கே அவர் மேஜையைத் தாண்டி ஒரு கோப்பு நகர மூன்று வாரம் பிடிக்கும். அவர் பந்துக்கும் அதே வேகம்தான். கேட்டால் சுழற்பந்து என்பார். சுழன்றதை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மாநில அணிக்கு ஆடி ஓய்ந்த ஒருவர் எங்களுக்கு எதிராக ஆட வந்தார். மாமாவின் பந்து காலுக்கு வெளியே விழுந்து, பாம்பு மாதிரித் திரும்பி, அவருடைய ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. நிஜமான பந்து. பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் புல்லரித்தது. அந்த ஒரு பந்தை வைத்துக்கொண்டு மனிதர் மிச்ச வாழ்க்கையை ஓட்டிவிட்டார்.

மற்ற விக்கெட்டெல்லாம் எப்படி வந்தன? கேப்டனும் அவரேதான். எதிரணியில் ஆடத் தெரிந்தவர்கள் மட்டையோடு நிற்கும்வரை மாமாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். ஏழு விக்கெட் விழுந்ததும் தோள் சரியாகிவிடும். அடுத்த ஆள் கையுறை மாட்டும்போதே இவர் கையைச் சுழற்ற ஆரம்பிப்பார். ஒரு தடவை பேக்கரிக்காரர்கள் அணிக்கு ஆள் பற்றாமல், அவர்களை ஏற்றி வந்த வேன் டிரைவரை இறக்கினார்கள். செருப்புக் காலோடு வந்து நின்ற அந்த மனிதன் முதல் பந்திலேயே போல்டு. மாமாவின் சொந்த நோட்டில் அவன் முந்நூற்றுப் பன்னிரண்டாவது விக்கெட். பெயருக்கு எதிரே ‘அபாயகரமான ஆட்டக்காரர்’ என்று குறிப்பு.

மழை வந்து ரத்தான ஆட்டங்களில் எடுத்த விக்கெட்டுகளும் அந்த நோட்டில் உண்டு. மழை ஆட்டத்தை அழித்ததே தவிர நோட்டை அழிக்கவில்லை.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத சட்டம் ஒன்று வைத்திருந்தார். ஓடும்போது ஒருவனை அவுட் ஆக்கினால், அதாவது ரன் அவுட் செய்தால், அந்த விக்கெட் அணிக்குச் சேரும், பந்து வீசியவர் பெயரில் ஏறாது. அதனால் மாமாவின் ஓவரில் யாரும் ரன் அவுட் செய்யக் கூடாது. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ஒருவர் எங்களிடம் ஆடினார். ஐம்பது அடியிலிருந்து ஒற்றை ஸ்டம்பை எறிந்து சாய்க்கிற கை. மாமாவின் ஓவரில் அப்படி ஒருவனைச் சாய்த்தார். ஆட்டத்தை ஜெயித்தோம். மாமா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மாஸ்டர், அடுத்த பந்துல நானே அவனை எடுத்திருப்பேன். எதுக்கு அவசரம்?”

“சார், ஜெயிச்சிட்டோமே.”

“ஜெயிக்கிறது யார் வேணா ஜெயிக்கலாம்.”

மாஸ்டரை அடுத்த மூன்று ஆட்டத்துக்கு அவர் எடுக்கவில்லை. நான்காவதற்கு மாஸ்டரே வரவில்லை. அவர் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் விலகினார்கள். “சரித்திரம் போகட்டும், நாங்க வர்றோம்” என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள். இரண்டு சீசனில் எங்கள் கிளப் லீக் பட்டியலின் அடிமட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கடைசி ஆட்டம் பஸ் டிப்போ அணியோடு. ஜெயித்தால் லீக்கில் நீடிக்கலாம். தோற்றாலோ சமமானாலோ லீக்கை விட்டு வெளியே. மைதானத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

இதில் ஒரே ஒரு வெளிச்சம். “ஐந்நூறு முடிஞ்சதும் ஷூவைக் கழட்டிடுவேன்” என்று மாமா கிளப் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். வலது முட்டிக்கு அடுத்த வாரம் ஆபரேஷன் என்று தேதியும் குறித்தாகிவிட்டது. ஆக எனக்கு வேண்டியது இரண்டு. கிளப் ஜெயிக்க வேண்டும், மாமா ஐந்நூறைத் தொட்டுத் தொலைய வேண்டும். இரண்டும் நடந்தால் அடுத்த சீசனில் மாஸ்டர் வருவார், மற்ற மூவரும் வருவார்கள், கிளப் பிழைத்துக்கொள்ளும்.

அன்று மதியம் அக்காவும் மைதானத்துக்கு வந்திருந்தாள், ஃபிளாஸ்க்கில் டீயோடு. லீக் செயலாளர் மைக் வைத்து, துணி விரித்த மேஜையில் ஒரு கேடயத்தை நிறுத்தியிருந்தார். அதில் ‘500’ என்று முன்கூட்டியே பொறிக்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

“இன்னிக்கோட முடிஞ்சிடும்ல?” என்றாள் அக்கா.

“முடிச்சிடுவோம்க்கா.”

“ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாள் இருக்குன்னே எனக்கு மறந்துபோச்சுடா.”

டிப்போ ஜெயிக்க நூற்று முப்பத்தெட்டு எடுக்க வேண்டும். மாமாவின் தோள் வழக்கம்போல் ஏழாவது விக்கெட்வரை வலித்தது. அப்புறம் குணமாகி, எட்டாவது ஆளை எடுத்தார். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒன்பதாவது ஆளை வேறொருவர் எடுத்துவிட்டார். மாமா அவருக்குக் கை கொடுத்த விதத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிப்பது போல இருந்தது.

கடைசி ஓவர். கடைசி ஜோடி. டிப்போவுக்கு ஆறு ரன் தேவை. பந்தை மாமா யாரிடமும் கொடுக்கவில்லை.

ஐந்து பந்தில் நான்கு ரன் போனது. மிச்சம் ஒரு பந்து, இரண்டு ரன். மட்டையோடு நின்றது டிப்போ மெக்கானிக், பனைமரம் மாதிரி ஓர் ஆள். எதிர்முனையில் நின்றது ஒல்லியான கண்டக்டர். கண்டக்டர் பதற்றத்தில் இருந்தான். மாமா ஓடி வரும்போதே கோட்டைத் தாண்டி நான்கைந்து அடி வெளியே வந்துவிடுவான்.

மாமா ஓடி வந்தார். கண்டக்டர் கிளம்பினான். மாமா சட்டென்று நின்றார். கையில் பந்து, அரை அடியில் ஸ்டம்பு, கண்டக்டர் அங்கே நடுவில் அந்தரத்தில். தட்டினால் போதும். ரன் அவுட். ஆட்டம் முடிந்தது. கிளப் பிழைத்தது.

“தட்டுங்க மாமா” என்று கத்தினேன். ஐந்நூறு கிடக்கட்டும், முதலில் கிளப் பிழைக்கட்டும் என்றுதான் தோன்றியது.

மாமா தட்டவில்லை. சிரித்தார். கண்டக்டரின் தோளில் கை வைத்தார்.

“தம்பி, கோட்டுக்குள்ள நில்லுப்பா. இப்படி எடுத்தா அது விளையாட்டு இல்ல.”

மைதானமே கைதட்டியது. டிப்போக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். செயலாளர் மைக்கில், “இதுதான் பெருந்தன்மை, இளைஞர்கள் கத்துக்கணும்” என்றார். மாமா தொப்பியைக் கழற்றி நான்கு திசைக்கும் காட்டினார். பெருந்தன்மையாம். தன் பெயரில் ஏறாத ஒரு விக்கெட்டைத் தொட மனம் வராமல் பதினொரு பேரின் கிளப்பைப் பணயம் வைத்த மனிதர், அதற்கும் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுபடி ஓடி வந்தார். வீசினார்.

இங்கேதான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அது நல்ல பந்து. பத்தொன்பது வருடம் கழித்து வந்த இரண்டாவது நல்ல பந்து. மெக்கானிக் இரண்டு எட்டு முன்னால் வந்து மட்டையைச் சுழற்றினான். பந்து மட்டையைத் தொடாமல் வளைந்து திரும்பி என் கையுறையில் வந்து உட்கார்ந்தது. மெக்கானிக் கோட்டுக்கு வெளியே ஒரு கஜம் தள்ளி நின்று, திரும்பி என்னைப் பார்த்தான்.

அவன் ரன்னுக்கு ஓடாமல் நிற்கும்போதே நான் ஸ்டம்பைத் தட்டினால் ஸ்டம்பிங். ஸ்டம்பிங் பந்து வீசியவர் பெயரில் ஏறும். ஐந்நூறு. வெற்றி, மாமாவின் ஓய்வு, மாஸ்டர், கிளப், எல்லாம் என் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

ஸ்டம்பைத் தாண்டி மாமாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்து, செயலாளரின் மேஜைப் பக்கம் திரும்பிவிட்டிருந்தார். நான் தட்டுவதற்கு முன்பே கைதட்டலை வாங்கப் போய்விட்டார்.

என் கை நின்றது.

ஒரு நொடிதான். கண்டக்டர் “ஓடு, ஓடு” என்று அலறிக்கொண்டு வந்தான். ஸ்டம்பு மேலிருந்த பெயில்ஸ் விழவில்லை என்று பார்த்த மெக்கானிக், தலை தெறிக்க ஓட ஆரம்பித்தான். இரண்டு எட்டு, மூன்று எட்டு. அப்போது தட்டினேன். பூப்பறிக்கிற மாதிரி.

பக்கவாட்டில் நின்ற அம்பயர், ஓய்வு பெற்ற தபால்காரர், விரலை உயர்த்தினார். எங்கள் ஆட்கள் ஓடி வந்து என்னைத் தூக்கினார்கள். கிளப் பிழைத்தது.

மாமா தபால்காரரிடம் போய் நின்றார்.

“ஸ்டம்பிங்தானே?”

“ஓட ஆரம்பிச்சிட்டான் சார். ரன் அவுட்.”

“எங்கே ஓடினான்? தடுமாறினான்.”

“யோவ், நான் ஓடினேன்யா” என்றான் மெக்கானிக். “அவுட் ஆனதே வயித்தெரிச்சல். இதுல தடுமாறினேன்னு வேற சொல்லாதீங்க.”

மாமா அங்கிருந்து ஸ்கோர் எழுதும் மருந்துக்கடைக்காரரிடம் போனார். குனிந்து, குரலைத் தாழ்த்தி, கோப்பு நகர்த்துகிற மாதிரிப் பேசினார். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கூடத் தூக்கவில்லை.

“சீட்டுல என்ன இருக்கோ அதைத்தான் சார் கொடுப்பேன். அம்பயர் ரன் அவுட்னு சொன்னா ரன் அவுட்.”

செயலாளர் மைக்கை அணைத்துவிட்டுக் கேடயத்தைத் துணியால் மூடினார். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் இருபத்தாறு வருடத்தில் நான் எடுத்த விக்கெட்டுகளில் அதுதான் இனித்தது.

அந்த இனிப்பு அக்கா வீட்டு வாசல்வரை தாங்கியது.

சாயங்காலம் போனபோது அக்கா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

“லிஃப்ட் மெக்கானிக் தானேடா நீ? ரெண்டு மாடிக்கு நடுவுல ஓடுற லிஃப்டை எந்த நொடியில நிறுத்தணும்னு உனக்குத் தெரியாதா?”

“அக்கா...”

“நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். பந்து கையில வந்தப்புறம் நீ எத்தனை நேரம் நின்னேன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் அவரைப் பார்த்தாங்க, நான் உன்னைப் பார்த்தேன்.”

அப்போதுதான் கூடத்திலிருந்து மாமா கூப்பிட்டார்.

நாற்காலியில் காலை நீட்டி, முட்டி மேல் ஐஸ் பையை வைத்து உட்கார்ந்திருந்தார். அழுதிருப்பார், ஆத்திரத்தில் இருப்பார் என்று நினைத்துப் போனேன். முகம் பளிச்சென்று இருந்தது.

“உட்காரு மாப்ளே. டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். ஆபரேஷனைத் தள்ளி வெச்சாச்சு.”

“எத்தனை நாள் மாமா?”

“நாளா? ஒரு சீசன். நானூத்தித் தொண்ணூத்தொன்பதுல எவனாவது நிறுத்துவானா? வாக்கு வாக்குதான், ஐந்நூறுன்னு சொன்னா ஐந்நூறு. அதுவும் கடைசிப் பந்தைப் பார்த்தேல்ல? திரும்புச்சு பாரு. இப்பதான் எனக்குக் கையே படிஞ்சிருக்கு. அடிச்சுப் பிடிச்சா அறுநூறு கூடப் போகலாம்.”

சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. வேண்டுமென்றே போட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது.

“டிராயிங் மாஸ்டர் வர்றேன்னு...” என்று ஆரம்பித்தேன்.

“அவர் எதுக்கு? எனக்கு வேண்டியது கீப்பர்.” மாமா என் கையைப் பிடித்தார். குரலில் ஒரு கரிசனம் வந்துவிட்டது. கேட்கவே உடம்பு கூசியது. “உன்மேல எனக்குக் கோபமே இல்ல. பந்து அந்த அளவுக்குத் திரும்பும்னு நீ எதிர்பார்க்கல. வயசாயிடுச்சு மாப்ளே, கை மெதுவாயிடுச்சு. ஒத்துக்கறதுல தப்பில்ல. ஒத்துக்கறியா?”

அக்கா ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் வீட்டுக்குள் நான் மறுபடி கால் வைக்க முடியாது. கிளப்பிலும்தான்.

“ஆமா மாமா” என்றேன். “கை மெதுவாயிடுச்சு.”

“அதான் சொன்னேன். செவ்வாய், வியாழன், காலையில ஆறு மணி, மைதானத்துக்கு வந்துடு. நான் வீசறேன், நீ பிடி. ஒரு வருஷத்துல சரி பண்ணிடலாம்.”