இருபத்தேழாம் நாள் விரதம்

நாற்பத்தொன்பது கிலோ என்று தராசு காட்டியபோது, சிறிதேவி முதலில் தராசைத்தான் சந்தேகித்தாள். கணவர் பரமநாதனை இறங்கி மீண்டும் ஏறச் சொன்னாள். அவர் மறுபேச்சின்றி ஏறினார். எண் அசையவில்லை. கோடை விடுமுறை முடிந்த கையோடு இதே ஒஸ்லோ மருத்துவமனை அறையில் நிறுத்தபோது ஐம்பத்தெட்டு இருந்தது.

ஊட்டச்சத்து நிபுணரான மேரின் அந்த எண்ணைக் கணினியில் பதிந்தாள். பிறகு, வீட்டில் இவர் என்ன சாப்பிடுகிறார் என்று நொர்வேஜிய மொழியில் கேட்டாள்.

சிறிதேவிக்கு அந்தக் கேள்வி சற்றும் சங்கடமாக இல்லை. சொல்லப்போனால், பெருமையாகவே இருந்தது. கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாள். அது தீபாவளியோடு முடிய, மறுநாளே கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. இன்று அதன் ஆறாம் நாள். ஆக, இருபத்தேழு நாள்களாக இவர் இரவில் ஒரு குவளை பால் மட்டும் குடித்து விரதம் இருக்கிறார் என்று விளக்கினாள். அதற்கு முன்னர் புரட்டாதிச் சனி, அதற்கும் முன்னர் வெள்ளி, சதுர்த்தி, ஏகாதசி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாவின் அடியில் வந்த புற்றுநோயை முப்பத்தைந்து நாள் கதிர்ச் சிகிச்சையால் விரட்டித் தந்த முருகனுக்கு இவர் செய்யும் நன்றிக்கடன் அது. விரதம் இருப்பவர் மெலியத்தானே வேண்டும்?

மேரின் எழுந்து போய் ஒரு சிறு குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துக் காட்டும்படி பரமநாதனைக் கேட்டாள்.

அவர் கையெடுத்து மறுத்தார். இன்றைக்குச் சூரன்போர், தண்ணீரும் ஆகாது என்றார். மேரின் குவளையைக் கீழே வைக்கவில்லை. நாளை வரை காத்திருக்க இயலாது என்று மட்டும் சொன்னாள். அவளுடைய முகத்தைப் பார்த்த சிறிதேவிக்கு, வெள்ளைக்காரப் பிள்ளையின் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும் என்று தோன்றியது. வழியையும் அவளே கண்டுபிடித்தாள்.

"தீர்த்தம் எண்டு நினைச்சு ஒரு வாய் குடியுங்கோ. தீர்த்தம் குடிச்சா விரதம் முறியாதெல்லோ."

பரமநாதன் மனைவியைப் பார்த்தார். ஓடி ஒளிந்த இடத்தின் கதவை, உள்ளே இருப்பவர் யாரென்று அறியாமலே ஒருவர் திறந்துவிட்டால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தார். பிறகு குவளையை வாங்கிக் குடித்தார்.

அவர் இருமவில்லை, புரைக்கேறவும் இல்லை. சிறிதேவி நிம்மதியோடு மேரினை நோக்கினாள். மேரினோ, "ஆ" என்று நீட்டிச் சொல்லும்படி அவரைக் கேட்டாள்.

அவர் சொன்னார். அந்தக் குரல் நீருக்குள் இருந்து வந்தது. ஒவ்வொரு துண்டாக, களகளவென்று, ஈரம் சொட்டச் சொட்ட வந்தது.

சிறிதேவிக்கு அந்தக் குரலைத் தெரியும். ஸ்டோவ்னர் பகுதியில் உள்ள முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவள் பதினோராண்டுகளாக வேலை செய்கிறாள். விழுங்க முடியாத பதினான்கு முதியவர்களுக்கு உணவை அரைப்பவளும், அவர்களுடைய கோப்பியைத் தடிப்பாக்கும் மாவைக் கலப்பவளும் அவள்தான். குடித்தபின் குரல் ஈரமானால் கோப்பையை உடனே வாங்கிவிட வேண்டும், குடித்தது நுரையீரலின் வாசலில் நிற்கிறது என்று பொருள் என, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளும் அவளே. அந்தக் குரல் தன் வீட்டில், தன் பக்கத்துக் கதிரையில், எத்தனை மாதமாகக் கேட்டிருக்கும்! விரதக் களைப்பு என்றல்லவா இவள் நினைத்திருந்தாள்!

"எவ்வளவு காலமா?" என்று கேட்டாள்.

"தையிலையிருந்து," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அதன்பின் அவர் சொன்னவற்றைச் சிறிதேவி ஏதோ ஊரார் கதையைக் கேட்பவள்போல் கேட்டிருந்தாள். நோய் போன பிறகு, தொண்டை மெல்ல மெல்ல மரத்துக்கொண்டே வந்திருக்கிறது. ட்வெய்ட்டா பகுதியில் நடந்த ஒரு சாமத்தியவீட்டில், அந்தப் பூப்பு விழாப் பந்தியில் இருந்தபோது, சோறு மூக்கு வழியாக வந்துவிட்டது. எதிரே இருந்தவர்கள் இலையில் கண்ணை வைத்துக்கொண்டார்கள். அவர் கழிப்பறையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த பந்தியில் வேறொருவர் கரண்டியை நீட்டியபோது, வாயில் வந்ததைச் சொன்னார்: விரதம். நீட்டிய கரண்டி மரியாதையோடு பின்வாங்கியது. வயிறு சரியில்லை என்றால் இரசம் ஊற்றுவார்கள். போதும் என்றால் இன்னும் ஒன்று போடுவார்கள். இந்த ஒரு சொல்லுக்கு மட்டுந்தான் தமிழனின் அகப்பை அடங்கும் என்பதை அவர் அன்று கண்டுகொண்டார். பின்னர் பஞ்சாங்கத்தில் நாள்களைத் தேடத் தொடங்கினார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீர் சமைச்சு வைச்சிட்டு என்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருப்பீர். ஒவ்வொரு வாய்க்கும் சோதினை முடிவு பாக்கிறமாதிரி ஒரு முகம். விரதம் எண்டால் அந்த முகம் இல்லை. சந்தோசமா இருந்தனீர். இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அவர்கள் கதைத்து முடிக்கும்வரை மேரின் குறுக்கிடவில்லை. முடிந்ததும் நிதானமாகச் சொன்னாள். கதிர்ச் சிகிச்சை தொண்டைத் தசைகளை இறுக்கிவிட்டிருக்கிறது. இருமி எச்சரிக்கும் உணர்வும் மழுங்கிவிட்டது. குடிப்பதில் ஒரு பங்கு சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்பதே தன் அச்சம். கோடையில் இரண்டு முறை வந்த காய்ச்சலும் அதனால் வந்ததாக இருக்கலாம். இன்றே வார்டில் சேர வேண்டும். முதலில் மூக்கு வழியாகக் குழாய். அதிலும் கொஞ்சங் கொஞ்சமாகத்தான், பட்டினி கிடந்த உடம்பு திடீர் உணவைத் தாங்காது. அடுத்த வாரம் வயிற்றில் குழாய். எந்தத் தடிப்பில் எதை விழுங்கலாம் என்று சோதித்துப் பயிற்சியும் கொடுப்பார்கள்; வாயால் உண்பது இத்தோடு முடிந்தது என்று பொருளில்லை. ஆனால், குழாய் இல்லாமல் இப்படியே வீட்டுக்குப் போனால் இந்தக் குளிர்காலத்தைக் கடப்பார் என்று தன்னால் சொல்ல முடியாது.

பரமநாதன் தலையை ஆட்டி மறுத்தார். குழாய் வேண்டாம் என்றார்.

"ஏன்?" என்றாள் சிறிதேவி.

"அண்டைக்கு, கதிர் அடிக்கத் தொடங்க முன்னம், டொக்டர் வயித்திலை குழாய் வைப்பம் எண்டு கேக்க, ஆர் வேண்டாமெண்டது? நான் இருக்கேக்குள்ளை என்ரை மனிசனுக்குக் குழாயாலை சாப்பாடோ எண்டு கேட்டது நீரெல்லோ?"

ஆம், அவள்தான் கேட்டாள். மருத்துவர் அதிர்ந்து போகும்படி உரத்த குரலில் கேட்டாள். வீடு திரும்பியதும் உறவினர் எல்லோருக்கும் அதை வெற்றிபோலச் சொன்னாள். வேலைத்தலத்தில் ஒரு கிழவி தொண்டையைச் செருமினாலே பாய்ந்து கோப்பையைப் பிடிக்கும் ஒருத்தி, தன் வீட்டில் மனிதன் பட்டினியால் உருகுவதைக் கோயிற் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாளே! இதை மடமை என்பதா, வேறென்ன சொல்லால் அழைப்பது?

"அண்டைக்கு நான் சொன்னது பிழை," என்றாள். முப்பத்தோராண்டு மணவாழ்வில் அவள் அந்த வாக்கியத்தை எதற்காகவும் சொன்னதில்லை. பரமநாதன் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் சம்மதம் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் அவளுடைய கைப்பேசி அடித்தது. கோயில் நிருவாக சபையின் செயலாளர் அருட்செல்வம். அவருடைய வெண்கலக் குரல் அறை முழுவதற்கும் கேட்டது.

"அக்கா, நாளைக்குக் காலமை விரதம் முடிக்கிற பாறணையிலை அண்ணைக்குப் பொன்னாடை போத்திறம். இருபத்தேழு நாள், சும்மாவே! சனத்துக்கு முன்னாலை முதல் வாய் அவர்தான் சாப்பிட்டுத் தொடக்கி வைக்கவேணும். சொல்லிப்போடுங்கோ."

சிறிதேவி வாயைத் திறந்தாள். பெருமையோடு சொல்லும் வழக்கமான 'ஓம்' நாவின் நுனிவரை வந்து நின்றது. வெளியே வர மறுத்தது. உண்மையைச் சொல்லவும் அவளால் முடியவில்லை. அது அவருடைய தொண்டை, அவர் மறைத்தது, அவர்தான் சொல்ல வேண்டும்.

பரமநாதன் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார்.

"அருட்செல்வம், பொன்னாடை வேண்டாம். நான் விரதம் இருக்கேல்லை, தம்பி. எனக்கு விழுங்க ஏலாது. அவ்வளவுதான்."

அருட்செல்வம் ஏதோ சொல்லத் தொடங்குமுன் பரமநாதன் தொடர்பைத் துண்டித்தார். இருபத்தாறாண்டுகள் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டியபோது பழகிய நொர்வேஜிய மொழியில், கட்டில் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று மேரினைக் கேட்டார். இரண்டு மணிக்கு என்றாள் அவள். மருத்துவமனைச் சட்டையை இப்போதே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அவர் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். அதற்குள்ளே இன்னொரு கம்பளிச் சட்டை இருந்தது. அதற்குள்ளும் ஒன்று; மூன்றோடும்தான் தராசில் ஏறியிருந்தார். மூன்றையும் ஒவ்வொன்றாக வாங்கி மடியில் வைத்துக்கொண்ட சிறிதேவி, நாலாவதாகத் தெரிந்த மனிதனைக் கண்டு கதிரையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.