முதல் நாள் கூட்டம்

எறும்பு மருந்து வைக்கப் போகும் வீட்டிலெல்லாம் மருந்துக்காரர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "முதல் நாள் கூட்டமா வரும், பயந்துடாதீங்க. தித்திப்பு மருந்து, தின்னுட்டுப் புத்துக்கும் கொண்டுபோகும். மூணு நாள் பொறுங்க, ஒண்ணுகூட இருக்காது." கரப்பான், கரையான், குளவி, எலி என்று ஊரார் வீடுகளில் அவர் விரட்டாத ஜீவன் இல்லை. சொந்த வீட்டுக்கு மட்டும் எப்போதும் 'நாளைக்கு'தான்.

அந்த 'நாளைக்கு' இப்போது வினையாக வந்து நின்றது. அவர் மனைவி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து விற்கக் கிளம்பியிருந்தாள். லைசென்ஸுக்காகச் சமையலறையைப் பார்க்க ஆய்வாளர் பத்தரை மணிக்கு வருகிறார். போன தடவை ஒரே ஒரு எறும்பைக் கண்டு ஃபைலை மூடிக்கொண்டு போன அதே அம்மா. இந்தத் தடவையும் தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். பத்து நாளாக, "என்னங்க, அந்த எறும்பைக் கொஞ்சம் பாருங்க" என்று மனைவி தலைதலையாக அடித்துக்கொண்டாள். மனிதர் அசைந்தால்தானே!

நேற்றுச் சாயங்காலம் சிங்க் ஓரத்தில் நாலு எறும்பைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது. நாலுதானே, காலைக்குள் கதை முடிந்துவிடும் என்று நினைத்தார். அட்டைத் துண்டு ஒன்றில் மருந்தைத் தடவி, அவளுக்குத் தெரியாமல் ஓவனுக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொல்கிற பாடம் தன் வீட்டில் மறந்துபோயிற்று.

காலை ஒன்பதரைக்கு ஜன்னலிலிருந்து ஓவன் வரை ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

"என்னங்க இது?" மனைவி மாவுக் கையாலேயே அந்தக் கோட்டைக் காட்டினாள்.

மருந்துக்காரர் அசட்டுச் சிரிப்போடு உண்மையைச் சொன்னார். "ஸ்ப்ரே அடிக்கட்டுமா?"

"அடிச்சா கேக்கெல்லாம் மருந்து நாத்தம்தான் அடிக்கும்! வேற வழி பாருங்க."

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வரிசை சுவரோரமாக இறங்கி, வாசல் படியின் விரிசலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அந்த விரிசல் பக்கத்திலேயே வைத்தார். வாசலிலேயே விருந்து கிடைத்தால் யார் சமையலறை வரை ஏறுவார்கள்? அப்புறம் இருவரும் மண்டியிட்டு, கோடு போன தடமெல்லாம் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தார்கள்.

ஆய்வாளர் ஷூவைப் படியோரம் கழற்றி விட்டு உள்ளே வந்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு இழுப்பறையாகக் குடைந்தார். ஓவனுக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தார். ஈரம் மட்டும்தான் இருந்தது.

"சுத்தமா இருக்கு. வெளிய குப்பைத் தொட்டியையும் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

படிக்குப் போய் ஷூவுக்குள் காலை விட்டவர், "ஐயய்யோ!" என்று ஒற்றைக் காலில் குதித்தார். ஷூவை உதறினால் எறும்பாகக் கொட்டியது. மனைவி முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், தப்பு என்னோடது. இவ மேல ஒண்ணும் இல்ல," என்று மருந்துக்காரர் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். "முதல் நாள் கூட்டமாத்தான் வரும், மேடம்."

ஆய்வாளர் முறைத்தார். காலைச் சொறிந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் லைசென்ஸ் குடுக்கறது சமையலறைக்கு. என் ஷூவுக்கு இல்ல." ஒற்றைக் காலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

கதவைச் சாத்திய மனைவிக்கு முதலில் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அடுத்த நிமிஷம் பத்து நாள் கோபமும் கிளம்பியது. மருந்துக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்து, "அதான் கிடைச்சிடுச்சே. இன்னும் எவ்வளவு நேரம்மா திட்டுவே?" என்றார்.

அவள் ஒரு துண்டு கேக்கை வெட்டித் தட்டில் வைத்து, அவர் முன்னால் தள்ளினாள்.

"மூணு நாள் பொறுங்க. முதல் நாள் கூட்டமாத்தான் வரும்."