விகாரை வாசலில் எடுத்த கொழுந்து

1953ஆம் ஆண்டு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணியளவில், ஊசிப்பாறைத் தோட்டத்து மேல்பிரிவைச் சேர்ந்த பெற்றீசியா, கினிகத்தேனைக்கு அப்பால் உள்ள பெரிய விகாரையின் கருங்கல் வாசல்நிலையிலிருந்து இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளினாள். அன்று ஹட்டன் பக்கம் மழை இல்லை. உருளைக்கிழங்கு விலை சற்று இறங்கியிருந்தது. கல் சத்தம் காட்டாமல் ஒடிந்துகொடுத்தது.

அவளை நொந்து பயனில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். தேயிலையைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் இந்தச் சனங்கள் செத்துப்போகக் கூடாது என்று ஒரு லொறி பிடித்து நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். குடை நுனியால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். வெள்ளை வெளேரென்று நிற்கும் தாதுகோபம், படிக்கட்டின் அடியில் யானையும் குதிரையும் அன்னமும் வரிசை கட்டிப்போகும் அரைவட்டச் சந்திரக்கல், இருபுறமும் வாயிற்காவலர் உருவம் செதுக்கிய காவற்கல், மேலே வாயைப் பிளந்த மகர தோரணம். முப்பத்தொன்பது பேர் சோற்றுப் பொட்டலம் எப்போது அவிழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெற்றீசியா ஒருத்திதான் கட்டடத்தைப் பார்த்தாள். தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் பத்தடி அறையில், கைதூக்கினால் தகரம் இடிக்கும் கூரையின் கீழ் முப்பது வருடம் வாழ்ந்தவள், கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒரு கூரையின் கீழ் அன்றுதான் முதல்முறையாக நின்றாள். வாசல்நிலையின் அடியில் தொடங்கி மகரத்தின் வாய்வரைக்கும் ஓடிய கல்கொடியைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதைச் செதுக்கியவன் இலை எங்கே காம்போடு சேரும் என்பதைத் தப்பில்லாமல் அறிந்திருந்தான். பன்னிரண்டு வயதிலிருந்து கொழுந்து எடுத்த விரல்கள், அவளைக் கேட்காமலே போய்க் கிள்ளி, பழக்கப்படி தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டன. முதுகில் கூடை இல்லாததால் கொழுந்து மாஸ்டரின் சட்டைப் பைக்குள் விழுந்தது.

“ஐயோ, என்ன வேலை செய்துபோட்டீர்! இருநூறு வருஷத்துக் கல்லெல்லோ!”

“தெரியாம கை போயிருச்சுங்க மாஸ்டர். நல்ல பதமா இருந்துச்சு.”

பெரிய பிக்கு வந்து ஒடிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். மாஸ்டரின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கொழுந்து அதற்குள் இறுகிக் கல்லாகியிருந்தது. அவர் யாரையும் கடிந்துகொள்ளாமல், எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்து அனுப்பிவைத்தார். எட்டாம் நாள் தோட்டத்துக்கு ஆள் வந்தது. ஒன்றைக் கிள்ளிய இடத்தில் கல்லில் இரண்டு துளிர்த்திருக்கின்றன என்றான் வந்தவன். மாதம் முடிவதற்குள் கொடி வலப்பக்கத்துக் காவற்கல்லின் கண்ணை மூடி, மகரத்தின் மூக்கைத் துழாவத் தொடங்கியது. கண்டியிலிருந்து வரவழைத்த கல்தச்சர் மூன்று உளிகளை உடைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். தேயிலைக் கிராமத்தில் பிறந்தவரான பிக்குவுக்குச் சங்கதி விளங்கிவிட்டது. ஒருமுறை கிள்ளிய செடியை ஏழு நாளுக்கு ஒருமுறை கிள்ளத்தான் வேண்டும். இந்தக் கல் பெற்றீசியாவின் விரலுக்கு மட்டுமே இளகியது.

வாரம் ஒருமுறை அவளை அனுப்பும்படி பிக்கு கேட்டபோது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விகாரை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று விசாரித்தார். இரண்டாயிரம் அடி என்றதும், அந்த உயரத்தில் துளிர்ப்பது எதுவும் மட்டரகமாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வர அனுமதித்தார். ஞாயிறு ஏற்கெனவே விடுமுறைதான். பெற்றீசியா கத்தோலிக்கப் பெண் என்பதால் சிக்கல் பங்குச் சாமியாரிடம்தான் வந்தது. வேறு மதத்துக் கோயிலில் கும்பிடப் போகிறாயா என்று அவர் கேட்டார். “கும்புடலைங்க சாமி, கிள்ளிட்டு வந்துர்றேன்” என்றாள். அப்படியானால் அது வேலை. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதும் பாவமாயிற்றே என்று சாமியார் தலையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் யோசித்து, கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதில் பாவம் ஏதும் இல்லை, சுற்றிப் பார்க்கையில் கை சும்மா இருக்காவிட்டால் அதைக் கடவுள் பொருட்படுத்த மாட்டார் என்று தீர்ப்புச் சொன்னார்.

தீர்ப்பை மீறக் கூடாதென்று பெற்றீசியா ஒவ்வொரு ஞாயிறும் விடியற்பூசை கண்டு, பஸ் ஏறிப் போய், விகாரையை முழுவதுமாக ஒரு சுற்றுப் பார்த்தாள். சந்திரக்கல்லில் அன்னங்கள் ஒவ்வொன்றும் வாயில் ஒரு மொட்டைக் கவ்விக்கொண்டு போவதைக் கண்டுபிடித்தது அவள்தான். மண்டபத்துத் தூண்களில் ஒன்று மற்றவற்றைவிட ஒரு விரற்கடை பருமன் என்பதையும் அவள்தான் சொன்னாள். பிக்கு கயிறு வைத்து அளந்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவளுக்கு அந்தக் கட்டடத்தின்மேல் ஆசை வந்துவிட்டது, வேறு சொல் இல்லை. பிறகு கூடையை மாட்டிக்கொண்டு வாசல்நிலையில் கொழுந்து எடுப்பாள். அது இறுகியதும் விகாரைப் பாதையின் பள்ளங்களில் கொட்டினார்கள். அந்த வட்டாரத்தில் அடைமழையிலும் லொறி புதையாத பாதை அது ஒன்றுதான். இப்படிப் பன்னிரண்டு வருடம் போயிற்று.

இத்தனைக்கும் நடுவில் பெற்றீசியாவுக்கு இருந்தது ஒரே கவலை. 1948இல் வந்த சட்டம் தோட்டத்துச் சனங்களை நாடில்லாதவர்களாக்கியது. பிரஜாவுரிமை கேட்டு 1951இல் அவள் எழுதிக்கொடுத்திருந்தாள். அவள் பிறந்தது மேல்பிரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தாயின் காலடியில், இரண்டு செடிகளுக்கு நடுவே. பார்த்த கங்காணி செத்துப்போனார். ஞானஸ்நானப் பதிவில் நாள் இருந்தது, ஊர் இல்லை. 1963இல் மனு தள்ளுபடியானது. அடுத்த வருடம் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் கூடிப் பேசி, தோட்டத்துச் சனங்களைப் பங்கிட்டுக்கொண்டன. 1965இல் இந்தியாவுக்குப் போக விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்தியாவில் அவளுக்கு ஒரு முகமும் தெரியாது. கணவன் மத்தியாஸைப் புதைத்தது இந்த மலையில். அன்றைக்கு அவள் லயத்து வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பிக்கு சிங்களத்திலும் மாஸ்டர் ஆங்கிலத்திலும் மனு எழுதினார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி நேரிலேயே விகாரைக்கு வந்தார். நல்ல மனிதர், தமிழும் பேசினார். ஒரு ஞாயிறு அவள் கிள்ளுவதைப் பார்த்தார், மறு ஞாயிறு வந்து துளிர்த்திருப்பதைப் பார்த்தார். தானும் கிள்ளிப் பார்த்து ஒரு நகத்தைப் பெயர்த்துக்கொண்டார். பிறகு கோப்பை முழங்காலில் வைத்து, கல் துளிர்ப்பது நேரில் கண்டு உறுதிசெய்யப்பட்டது என்று எழுதினார். அதற்கு அடுத்த வரியில், விண்ணப்பதாரி இந்நாட்டில் பிறந்தது உறுதிசெய்யப்படவில்லை என்று எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்.

பெற்றீசியா கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். “கல்லு துளிர்க்கிறத நம்புறீங்க. நான் பொறந்தத நம்ப மாட்டேங்கிறீங்களேங்கய்யா?”

“கல்லை என் கண்ணால் பார்த்தேன் அம்மா. நீங்கள் பிறந்ததை நான் பார்க்கவில்லையே” என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்துடன்.

பிக்கு குறுக்கிட்டு, இவள் போய்விட்டால் அடுத்த வருடம் இந்த வாசலை எங்கே தேடுவது என்று மட்டும் கேட்டார். அதிகாரி கொடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, பையிலிருந்து சட்டப்புத்தகத்தை எடுத்து வெகுநேரம் புரட்டினார். உள்ளூரில் கிடைக்காத வேலைத்திறமை உள்ள அந்நியருக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. கல் துளிர்ப்பது நிற்கும்வரை இவர் இந்நாட்டில் தங்கலாம் என்று எழுதி, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுத்தார். கல்தானே, இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் ஓய்ந்துவிடும், அதற்குள் சாமான்களைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு ஆலோசனையும் சொன்னார்.

பெற்றீசியா தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, கூடையை மாட்டி, மறுபடி வாசல்நிலைக்குப் போனாள். ஆழக் கிள்ளாமல், ஒவ்வொரு காம்பிலும் அடி இலையை விட்டு, மிகவும் நிதானமாகக் கொழுந்து எடுத்தாள். ஏழு நாளுக்கு ஒருமுறை அப்படி எடுத்தால் எந்தச் செடியும் துளிர்ப்பதை நிறுத்தாது. இந்த மலையில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும். அதிகாரி கொழும்பில் பிறந்தவர்.