ஒப்புதல் தருபவர்

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் பேக்கரி வைத்திருந்த சைலஸும் அவர் தம்பி ஆஸ்டினும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்குப் பழங்களை ஊறவைக்காமல் ஆஸ்டின் கேக் மாவில் எசன்ஸ் ஊற்றிவிட்டார். அதில் ஆரம்பித்தது. அதன்பின் சைலஸ் முன்பக்கம் கடையைப் பார்த்துக்கொண்டார், ஆஸ்டின் பின்பக்கம் அடுப்பை. மைதா தீர்ந்தால் யாருக்குத் தோன்றுகிறதோ அவர் வாங்கினார். சில மாதங்களில் இருவருக்கும் தோன்றியது. சில மாதங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அவர்களிடம் பன் வாங்கும் பெங்களூர் கடைக்காரர்கள், எல்லாம் மென்பொருளில் இருந்தால்தான் இனி ஆர்டர் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நிக்கோல் வந்தாள். அவர்கள் போகும் சர்ச்சுக்கே போகிறவள். தினமும் ரயிலேறி பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஒரு வியாபாரத்தில் எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, எதை யார் செய்வது என்று அந்தக் கம்பெனி ஒரு மாடல் வகுத்து வைத்திருந்தது. நிஜக் கடைகளை அதற்குள் பொருத்துவதுதான் நிக்கோலின் வேலை.

“சரக்கு வேணும்னு கேக்கறது ஒருத்தர், ஒப்புதல் குடுக்கறது இன்னொருத்தர்” என்றாள் ஆஸ்டினிடம்.

“ரெண்டும் நானே பண்ணிக்கிறேன்மா.”

“மாடல் ஒத்துக்காது அங்கிள்.”

“அப்ப ஒப்புதலு யாரு?”

நிக்கோல் கடையின் முன்பக்கத்தைப் பார்த்தாள். ஆஸ்டின் அடுப்பைப் பார்த்தார்.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஆஸ்டின் பின்பக்கத்திலிருந்து ஈஸ்ட் கேட்பார், முன்பக்கத்தில் சைலஸின் போன் ஒலிக்கும். அவர் ஒப்புதல் பொத்தானை அழுத்துவார். ஒரு சுவர்தான் நடுவில். இருவருக்கும் இது வசதியாக இருந்தது.

டிசம்பரில் சைலஸ் முதுகு பிடித்துக்கொண்டு, ஸ்கெலட்டன் என்ற பேட்டையில் இருந்த தன் வீட்டில் படுத்துவிட்டார். ஆஸ்டின் கேக் சாமான்கள் கேட்டு அனுப்பினார். பதிலே வரவில்லை. நிக்கோலுக்கு போன் போட்டார்.

“நீயே அதைத் தட்டி வுட்டுடும்மா.”

“என்னால முடியாது அங்கிள். அவரா வேற ஆளை நியமிக்கணும்.”

“அதை அவர்கிட்ட யார் சொல்றது?”

ரயில் இரைச்சலில் கேட்கவில்லை என்று நிக்கோல் சொன்னாள்.

ஆஸ்டின் சட்டை மாற்றிக்கொண்டு போனார். சைலஸின் மனைவி ஐடா கதவைத் திறந்தாள். ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். “வாங்க, உள்ள கீறாரு” என்றாள்.

சைலஸ் மல்லாந்து படுத்திருந்தார்.

“ஒப்புதல் வேணும்” என்றார் ஆஸ்டின், நின்றபடியே.

“போன் எங்க வெச்சேன்னு தெரியல.”

ஆஸ்டின் கட்டிலுக்கடியில் குனிந்து தேடி எடுத்தார். சார்ஜ் இல்லை. ஐடா சொருகிவிட்டுப் போனாள். அது உயிர் பெறும்வரை இருவரும் அதையே பார்த்திருந்தார்கள்.

“முதுகு எப்டி கீது?”

“நோவுது.”

சைலஸ் கண்ணாடி போட்டுப் படித்தார். நிராகரித்தார். பக்கத்திலேயே ஆஸ்டினின் போன் ஒலித்தது.

“இன்னா, ரிஜெக்ட் பண்ணிட்ட?”

“திராட்சை பத்தாது. போன வருஷமே கேக்குல தேட வேண்டியிருந்துச்சு.”

“நீ என் கேக்கைத் தின்னியா?”

“விக்கிறவன் தின்னுப் பாக்காம விப்பானா? உக்காரு. திருத்தி அனுப்பு.”

ஆஸ்டின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன. சைலஸ் பொறுமையாகக் காத்திருந்தார்.

முதுகு சரியாகி அண்ணன் கடைக்கு வந்த பிறகும், ஆஸ்டின் கோரிக்கையை அனுப்பிவிட்டு முன்பக்கம் வருவதை வழக்கமாக்கிக்கொண்டார். டீ வரும். யார் பேரனுக்குக் காய்ச்சல், பாதிரியார் ஏன் பிரசங்கத்தை இழுக்கிறார் என்று பேச்சு போகும். ஒப்புதல் மத்தியானம்தான் வரும்.

மாதக் கடைசியில் மென்பொருள் ஓர் அறிக்கை கொடுத்தது. இந்தக் கடையில் ஒப்புதல் என்ற கட்டம் மிகவும் தாமதமாகிறது, அதை நீக்கலாம் என்றது. நிக்கோல் அதை ரயிலில் வைத்துப் படித்தாள். பரிந்துரையை மூடிவிட்டு, ஒப்புதலுக்கான கால அவகாசத்தைக் கூட்டினாள்.